தலைமையில்லாச் சமயத்தின் ஏடுகள்

ஒரு சமயத்தார்க்கு மடமோ, தலைமைப் பீடமோ, பொதுச் செயலகமோ இல்லையெனில் அவர்களுடைய ஏடுகளைக் காப்பவர் யார்? இதற்கு விடை காண அமெரிக்க நாட்டின் வரலாறு ஒன்று துணை செய்யும்.

மினசோட்டா மாநிலத்தின் நார்த்ஃபீல்டு நகரிலுள்ள கார்ல்டன் கல்லூரியில், மாணவர் அனைவரும் சமய வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டுமென்று முன்னர் ஒரு விதி இருந்தது. அதனை மறுத்த மாணவர் சிலர், 1963ஆம் ஆண்டில், பண்டைக் கெல்டிக் மக்களின் குருமாராகிய துரூயிட்டுகளின் பெயரால் ஒரு சமயத்தை ஏறக்குறைய விளையாட்டாகவே தொடங்கினர். ஓக் மரங்கள் நின்ற குன்றின்மேல் கூடி இயற்கையைப் போற்றினர். மறு ஆண்டே விதி நீக்கப்பட்டது, சமயமோ நிலைத்துவிட்டது! ‘வட அமெரிக்கச் சீர்திருத்தத் துரூயிட்டுகள்’ என்பது அவர்தம் பெயர்.

பட்டம் பெற்றுச் சென்றோர் ஆங்காங்கே ‘தோப்பு’ எனப்படும் குழுக்களை நிறுவினர். தம்மைப் ‘பேகன்’, அதாவது கிறித்தவத்திற்கு முற்பட்ட இயற்கை வழிபாட்டினர், என்று அறிவித்துக்கொண்ட தோப்புகளும் உண்டு. அப்பெயரை ஏலாதவையும் உண்டு. ஒரு தோப்பு மற்றொன்றுக்கு ஆணையிட இயலாது. ஆதலின் கடிதங்களும் வழிபாட்டு முறைகளும் செய்தித்தாள்களும் தனியார் இல்லங்களிலேயே தங்கின.

இத்தகைய நிலையின் இடரை, ‘விக்கா’ என்னும் மற்றொரு பேகன் சமயத்தார் முன்பே கண்டனர். அதனைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னர் 1964இல் மறைந்தபோது, மேன் தீவில் அவர் நடத்திய காட்சிச்சாலை மோனிக் வில்சன் என்னும் அம்மையாரைச் சேர்ந்தது. 1973இல் அவர் அச்சேகரிப்பை, விந்தைப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் ரிப்ளி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். தட்டிக் கேட்கும் உரிமை பெற்ற பொது அமைப்பு விக்கா சமயத்தார்க்கு இல்லை.

துரூயிட்டுகளுக்கு நல்வாய்ப்பு அமைந்தது. சிதறிய எழுத்துகளை மைக்கேல் ஷார்டிங் என்பார் தேடித் திரட்டி, 1996இல் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். எது சரியென்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் எவர்க்கும் இல்லாமையால், 1964ஆம் ஆண்டின் மூல நூலும் பிற்காலத்தார் அதனை விரித்தெழுதியதும் அதில் அருகருகே இடம்பெற்றன. அவர்தம் ஆவணங்களைக் காத்து வருவதோ அதே கார்ல்டன் கல்லூரியின் காப்பகம்! தன் விதியை எதிர்த்த மாணவரின் தாள்களைப் போற்றும் உள்ளம் என்போன்ற ஆசிரியர்க்கு எளிதில் வாய்ப்பதன்று.

எனினும் சேர்த்து வைப்பதோடு பணி முடிவதில்லை. பேகன் சமயத்தார் பலர் புனைபெயரில் எழுதுவோர். இயற்பெயர் வெளிப்படின் அவர்தம் பணிக்கும் குடும்பத்துக்கும் தொல்லை நேரலாம். எனவே, பெற்ற கடிதத்தைக் காப்பகத்துக்கு அளிக்குமுன் எழுதியவரின் இசைவைக் கேட்டல் வேண்டும். இசைவு கிட்டாதவற்றை, அவர் வாழ்நாள் முடியுமட்டும் திறவாப் பெட்டியில் வைத்தலும் உண்டு.