மணவிழாவில் மத்தாப்புப் படம்: ஒளியும் உயிர்க்காப்பும்

மணமக்களைச் சுற்றிப் பொன்னிழைபோல் ஒளி வளைந்து நிற்கும் புகைப்படங்களை இந்நாளில் நம் இல்லத் திருமண ஆல்பங்களிலும் காண்கிறோம். பிள்ளைகள் விரும்பிக் கேட்கின்றனர்; பெரியோர் தயங்குகின்றனர். இரவில் தீ மூட்டினால் விட்டில் முதலிய சிற்றுயிர்கள் வந்து வீழுமே என்பது அவர்தம் கவலை. இருசாராரும் மனம் ஒன்றுபட வழியுண்டா என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. படம் உருவாகும் முறை

சாதாரணப் படத்தில் கேமராவின் ஷட்டர் கண்ணிமைக்கும் நேரமே திறந்திருக்கும். ஒளிக்கோட்டுப் படத்தில் அது நான்கு, ஐந்து விநாடிகள் திறந்திருக்கும். அதற்குள் ஒளி சென்ற பாதை முழுவதும் ஒரு கோடாகப் பதிகிறது. எனவே படத்தை ஆக்குவது தீயின் அளவன்று. ஷட்டர் திறந்திருக்கும் காலமே. ஒளி தீயிலிருந்து வந்ததா, மின்விளக்கிலிருந்து வந்ததா என்பதைக் கேமரா அறியாது. 1949ஆம் ஆண்டில் ஓவியர் பிக்காசோ இருளில் சிறு மின்விளக்கை அசைத்துக் காற்றில் வரைந்த உருவங்களை, ஜோன் மிலி என்பார் இம்முறையிலேயே படம் பிடித்தார். அங்கே மத்தாப்பு இல்லை.

2. மத்தாப்பின் இயல்பு

சிவகாசியில் செய்யப்படும் கம்பி மத்தாப்பில் சிதறும் பொறிகள், எரியும் உலோகத் துகள்களேயாம். அதன் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைக் கடக்கும். அணைந்த பின்னரும் கம்பி சுடும். வெறுங்காலுடன் ஓடும் குழந்தை அதனை மிதிக்கும். பாலியெஸ்டர் கலந்த ஆடையில் பொறி விழுந்தால் துணி உருகித் தோலில் ஒட்டும். மத்தாப்பில் வழக்கமாகச் சேர்த்துவந்த பேரியம் உப்பினை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடைசெய்ததும் கருதத்தக்கது.

3. மலையும் காடும்

கள்ளக்குறிச்சிப் பகுதியினர் சிலர் மணமக்களைக் கல்வராயன் மலைக்கு அழைத்துச் சென்று படமெடுக்க விழைவர். திருமணங்கள் மிகுந்த மாசி முதல் வைகாசி வரையிலான காலமே அங்கு இலையுதிர்ந்து சருகு காய்ந்து கிடக்கும் காலம். காப்புக்காட்டினுள் தீ மூட்டுதல் 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றமாகும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பற்றிய காட்டுத்தீயில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். வேனிற்காட்டில் தீ எத்துணை விரைந்து பரவும் என்பதற்கு அதுவே சான்று. மலையில் மத்தாப்பு அறவே வேண்டா.

4. நம் நெறிக்கு ஏற்ற வழி

ஈ, வண்டு, விட்டில் ஆகியவை நான்கறிவுயிர்கள் எனக் கற்றிருக்கிறோம். ஒரு படத்தின் பொருட்டு அவை எரிதல் தகுமோ? சிறு டார்ச் விளக்கின்மேல் மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றினால் பொன்னிறக் கோடு கிடைக்கும். பேட்டரியில் எரியும் சீரியல் விளக்குச் சரத்தை வீசினால் பல இழைகள் தோன்றும். பொறி சிதறும் தோற்றம் மட்டும் வாராது, மற்றெல்லாம் அமையும். விளக்கொளியையும் நாடிச் சில பூச்சிகள் வரலாம். ஆதலின் படம் எடுக்கும் விநாடிகளுக்கு மட்டும் ஏற்றி உடனே அணைத்தல் நன்று.

5. திட்டமிடும் முறை

கதிர் மறையுமுன் உணவு முடிக்கும் இல்லங்களில், அதன்பின் இருள் சூழ்ந்த வேளை இதற்கு ஏற்றது. கேமராவை முக்காலியில் நிறுத்துக, ஐ.எஸ்.ஓ. 100 போதும். விளக்கின் முகம் கேமராவை நோக்கியிருக்கட்டும். அதனை அசைப்பவர் கருநிற ஆடையுடுத்து மணமக்களின் பின்னே நகர்ந்துகொண்டிருந்தால் படத்தில் தெரியார். மணமக்கள் அசையாது நிற்க வேண்டும். இறுதியில் ஒருமுறை ஃபிளாஷ் ஒளிர்ந்தால் முகம் தெளியும்.

கேமராவை நோக்கி நின்று காற்றில் எழுதும் எழுத்து, படத்தில் இடவலம் மாறித் தோன்றும். அச்சிடும்போது படத்தையே திருப்பினால் மணமகளின் இடத்தோள் முந்தானை வலத்தோளுக்கு மாறிவிடும். ஆகவே எழுத்தைத் தலைகீழாக்காமல் இடவலம் மாற்றி எழுத முன்னாளே பழகுக. அல்லது வட்டம் வரைக.

இவ்வளவு கூறியும் மத்தாப்பே வேண்டுமென்பார், வெட்டவெளித் தரையில், பெரியவர் கையில், ஒருவர்க்கு ஒன்றாக, ஆடைக்கு எட்டாத தொலைவில் ஏந்துக. எரிந்த கம்பிகளை இட மணல் நிறைந்த வாளியொன்று அருகிருக்க வேண்டும்.

சிந்தனைக்கு:
1. ஒளிக்கோட்டுப் படத்திற்குத் தீ இன்றியமையாததா?
2. நம் இல்ல விழாக்களில் உயிர்க்கு ஊறின்றி மாற்றத்தக்க வேறு பழக்கங்கள் யாவை?