தரங்கம்பாடிக் கல்லறைக் கற்களும் கடற்கோட்டையும்: நடுகல் மரபுவழி ஓர் ஆவணப்படுத்தல் நோக்கு

முன்னுரை

காவிரிப் படுகையின் கடற்கரைப் பட்டினமான தரங்கம்பாடியில் கோயில் கல்வெட்டும் ஐரோப்பியர் கோட்டையும் கல்லறைகளும் நடைதொலைவுக்குள் அமைந்துள்ளன. எனினும் இவை தனித்தனித் துறைகளின் பொருளாகவே பெரிதும் நோக்கப்படுகின்றன. இவற்றை ஒருங்கே ஆவணப்படுத்துவதற்குத் தமிழ் நடுகல் மரபு எவ்வகையில் துணைநிற்கும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊரும் கோட்டையும்

மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்னும் ஊர்ப்பெயரை அங்குள்ள கல்வெட்டு தருகிறது. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனியர் இங்கு டான்சுபோர்க் கோட்டையை எழுப்பினர். 1845இல் இவ்வூர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.

கல்லறைப் பதிவுகள்

புதிய எருசலேம் ஆலயத்தில் 1719இல் மறைந்த சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளார். ஜே.ஜே. காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைப் பொறிப்புகளின் பட்டியல் இத்துறைக்கு அடிப்படையானது. ஆயின் அது பொறிப்பின் வாசகத்தையும் இறந்தவரின் வரலாற்றையுமே முதன்மைப்படுத்துகிறது. கல் எவ்வகையது, எங்கிருந்து வந்தது என்பன அதன் நோக்கம் அல்ல.

நடுகல் மரபு தரும் நெறி

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லின் நிலைகளை வகுக்கிறது. கல்லைக் காண்பதிலிருந்து வழிபடுவது வரையிலான நிகழ்வு முழுமையும் இங்குப் பொருளாகிறது. எழுத்துப் பொறிப்பு அதன் ஒரு கூறே. நடுகல் வீரவழிபாட்டுக்குரியது, கல்லறைக்கல் அடக்கத்தின் அடையாளம். இவ்வேறுபாட்டை மறவாமல் இவ்வரிசையை ஆய்வு வினாக்களாகக் கொள்ளலாம்.

வண்டல் நிலமாகிய படுகையில் மலையில்லை; பெரிய கல் எதுவாயினும் வெளியிலிருந்தே வரவேண்டும். ஆகவே இங்கு நிறுத்தப்பட்ட ஒவ்வொரு கல்லும் போக்குவரத்துக்கும் பொருள்வளத்துக்கும் சான்றாகிறது. கல்லின் வகை, அளவு, செதுக்கு வேலைப்பாடு, நின்ற இடம், இன்றைய வழிபாடு அல்லது பராமரிப்பு ஆகியன வாசகத்துடன் பதிவாதல் வேண்டும். தமிழ்க் கிறித்தவர் கல்லறைகளின் தமிழெழுத்துப் பொறிப்புகளும் அதே பட்டியலில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது; 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இவ்வூரைத் தாக்கியது. உப்புக்காற்றில் எழுத்து தேயும். இடம்பெயர்ந்த கல் தன் சூழலை இழக்கும். வாசகத்தை மட்டும் படியெடுத்தால் காக்கப்படுவது பெயர் மட்டுமே. கல்லையும் அது நின்ற இடத்தையும் சேர்த்துப் பதிவதே நடுகல் மரபு உணர்த்தும் முழுமையான ஆவணமாகும்.