மருந்தியல்: மனப்பாடம் மட்டும் போதாது



நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் பிளஸ் டூ முடித்து பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்கிறார்கள். 1965-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இப்படிப்பு, 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் வழியாக இந்தியாவுக்கு வந்தது. இதில் மாணவர்கள் அதிகம் அஞ்சும் பாடம் மருந்தியல். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

மருந்துப் பெயர்களைக் குடும்பமாகப் பிரித்தால் பாதிச் சுமை குறையும். எனலாப்ரில், ராமிப்ரில் ஒரு குடும்பம். லோசார்டன், டெல்மிசார்டன் இன்னொரு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு மருந்தை முழுமையாகப் படியுங்கள். மற்றவற்றில் வேறுபாட்டை மட்டும் பார்த்தால் போதும்.

ஒவ்வொரு மருந்துக்கும் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. உடலில் எப்படி வேலை செய்கிறது?
2. எவ்வளவு நேரம் நீடிக்கிறது?
3. எந்த உறுப்பு வழியாக வெளியேறுகிறது?
4. யாருக்கு ஆபத்து?

சர்க்கரை நோயுள்ள ஒரு நோன்பாளியை எடுத்துக்கொள்வோம். மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைக்கிறது; அதைத் தனியாகச் சாப்பிடுவோருக்குத் தாழ்சர்க்கரை வருவது அரிது. கிளிபென்கிளமைடு அப்படியல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதன் வேலை நீண்ட நேரம் நீடிக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு உடலில் இன்னும் அதிகமாகத் தங்கும். ஸஹரில் இதை விழுங்கிய முதியவருக்கு அஸருக்குப் பிறகு வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் அது வெறும் பசி மயக்கம் என்று விட்டுவிடக் கூடாது. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நோன்பை உடனே முறித்துவிட வேண்டும். நோயாளி பிறகு களாச் செய்ய மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது.

'நோன்பை விட வேண்டியிருக்குமோ' என்ற கவலையில் பல பெரியவர்கள் இதை டாக்டரிடம் சொல்வதில்லை. நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதும் பிசிஷியன் அசிஸ்டென்ட்தான் கனிவாகக் கேட்க வேண்டும்: "நோன்பு வைக்கிறீர்களா? எந்த மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள்? கிட்னி டெஸ்ட் எடுத்தீர்களா?" மருந்தின் அளவை மாற்றுவது டாக்டரின் பொறுப்பு. அதற்கான தகவலை ரமளானுக்கு முன்பே அவரிடம் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

எனவே, தினமும் வார்டில் பார்த்த ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டை நினைவில் வைத்து, இரவில் இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். ஓராண்டில் பாடமும் பதியும், நோயாளியும் புரிவார், இன்ஷா அல்லாஹ்.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.