மொராக்கோ ஹம்மாமில் குளிப்பது எப்படி?

மொராக்கோவில் ஹம்மாம் என்னும் நீராவிக் குளியல் கூடம் இரண்டு வகை. ஓட்டலோடு சேர்ந்த ஹம்மாமில் மெழுகுவத்தி, ரோஜா இதழ், தனி அறை எல்லாம் உண்டு. கட்டணம் சில நூறு திர்ஹாம். ஊர்க்காரர்கள் வாராவாரம் போகும் தெரு ஹம்மாமில் இவை எதுவும் கிடையாது; நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 20 திர்ஹாமை ஒட்டித்தான். போவதென்றால் இரண்டாவதற்கே போங்கள். காசை மிச்சம் பிடிக்கச் சொல்லவில்லை. ஆவியும் அழுக்குத் தேய்ப்பும் எங்கேயும் ஒன்றுதான். அக்கம்பக்கத்தார் கூடி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே குளிப்பதைத் தெரு ஹம்மாமில்தான் பார்க்க முடியும்.

ஃபெஸ், மராக்கேஷ் நகரங்களின் பழைய பகுதிகளில் பேட்டைக்குப் பேட்டை பள்ளிவாசல், ரொட்டி அடுப்பு, ஹம்மாம் மூன்றும் அருகருகே இருக்கும். ஃபெஸ்ஸில் செம்புப் பாத்திரம் தட்டும் ஸஃப்பாரீன் சதுக்கத்தை ஒட்டிய ஹம்மாம், மராக்கேஷின் முவாஸீன் ஹம்மாம் இரண்டும் பல நூற்றாண்டு பழையவை. வாசல்களில் பெரிய பெயர்ப்பலகையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். தங்கியிருக்கும் இடத்தில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். முஸ்லிம் அல்லாதவர்களைப் பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பார்கள், ஒருசில இடங்களில் மாட்டார்கள். அதை முதலில் கேளுங்கள். அடுத்தது நேரம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாசல் இருக்கும். இல்லையேல் பகலில் பெண்கள், அதிகாலையிலும் இரவிலும் ஆண்கள் என்று பிரித்திருப்பார்கள். கணவன் மனைவி சேர்ந்து போக முடியாது. கடைசியாக, அன்று திறந்திருக்குமா என்பது. வறட்சி காரணமாக 2024 தொடக்கத்தில் பல நகரங்களில் வாரத்துக்கு மூன்று நாள் ஹம்மாம்களை மூடச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. நிலவரம் மாறிக்கொண்டே இருப்பது, கேட்டுக்கொள்வது நல்லது.

பையில் துண்டு, மாற்று உள்ளாடை, ரப்பர் செருப்பு, ஷாம்பு, சீப்பு, குடிக்கத் தண்ணீர் இருக்கட்டும். கூடவே கடைத்தெருவில் இரண்டு பொருள் வாங்க வேண்டும். ஒன்று ‘சாபூன் பெல்தி’ என்னும் கருஞ்சோப்பு; ஆலிவிலிருந்து செய்வது, வெல்லப்பாகு மாதிரி கொழகொழவென்று இருக்கும், எடை போட்டுத் தருவார்கள். இன்னொன்று ‘கெஸ்ஸா’ என்ற சொரசொரப்பான கையுறை. தலைக்குத் தேய்க்க ‘கஸூல்’ களிமண்ணும் கிடைக்கும், விருப்பமிருந்தால் வாங்கலாம். கைபேசி, நகை, கடவுச்சீட்டு எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் வருவது உடை மாற்றும் கூடம். பையை அங்கிருக்கும் ஆளிடம் ஒப்படைத்துவிடலாம். ஆண்கள் ஜட்டியைக் கழற்றக் கூடாது, இதில் விதிவிலக்கே இல்லை. பெண்கள் பகுதியில் கீழாடை மட்டும் இருக்கும். மேலேயும் போட்டுக்கொண்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கூச்சம் ஐந்து நிமிடத்தில் போய்விடும். அங்கே யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை.

அடுத்தடுத்து மூன்று அறைகள், உள்ளே போகப் போக சூடு ஏறும். உலை இருப்பது கடைசி அறைக்கு அந்தப் பக்கம். அதன் அனல் தரைக்கு அடியில் ஓடுவதால் அங்கே தரையே சுடும். (மராக்கேஷில் மண்ஜாடியில் இறைச்சியை அடைத்து, இதே உலையின் சாம்பலில் பல மணி நேரம் புதைத்து வைத்து எடுப்பார்கள். தன்ஜியா என்று பெயர். அன்றைய ராச்சாப்பாட்டை அதுவாகவே வைத்துக்கொள்ளலாம்.) தொட்டியில் மூழ்கிக் குளிக்கும் வழக்கம் இங்கே இல்லை. வாளிகளில் வெந்நீரும் தண்ணீரும் பிடித்து விளாவி, ஓர் இடம் பார்த்து, முதலில் அந்தத் தரையைக் கழுவிவிட்டு உட்காருங்கள். மொண்டு ஊற்றுவதும் உட்கார்ந்தபடியேதான். நின்றால் பக்கத்திலிருப்பவர் மேல் தெறிக்கும். சோப்புக் கையை வாளிக்குள் விடக் கூடாது.

உடம்பு முழுக்கக் கருஞ்சோப்பைப் பூசி, பத்து நிமிடமாவது சூடான அறையில் சும்மா இருங்கள். நுரை வரவில்லையே என்று தேய்க்காதீர்கள், அது நுரைக்கிற சோப்பு இல்லை. தோல் ஊற வேண்டும், அவ்வளவுதான். புதிதாகப் போகிறவர்கள் அவசரப்படுவது இந்தக் கட்டத்தில்தான். ஊறாத தோலைத் தேய்த்தால் எரிச்சல்தான் மிச்சம். ஊறியதும் சோப்பைக் கழுவிவிட்டு கெஸ்ஸாவால் ஒரே திசையில் நீளமாக இழுத்துத் தேய்த்தால் அழுக்கு சாம்பல் நிறத் திரியாகத் திரண்டு வரும். தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும், வெட்கப்பட வேண்டாம்.

முதல் தடவை தேய்க்க ஆள் வைத்துக்கொள்வதே உத்தமம். பெண்கள் பகுதியில் ‘தைய்யாபா’, ஆண்கள் பகுதியில் ‘கஸ்ஸால்’. கூலியை உடை மாற்றும் கூடத்திலேயே பேசிவிடுங்கள். அவர்கள் கையைத் தூக்குவார்கள், காலை மடக்குவார்கள், குப்புறப் போடுவார்கள். தட்டினால் திரும்ப வேண்டும் என்று அர்த்தம். வலித்தால் ‘ஸாஃபி’ என்று சொல்லுங்கள், போதும் என்று நிறுத்திவிடுவார்கள்.

தேய்த்து முடிந்ததும் ஷாம்பு போட்டு அலசி, நடு அறையில் சிறிது நேரம் இருந்துவிட்டு வெளியே வாருங்கள். சூட்டிலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும். இதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சூடான அறைக்குப் போகக் கூடாது. அன்று காலை சவரம் செய்த இடத்தில் கருஞ்சோப்பு பட்டால் காந்தும். கூடத்தில் யாராவது ‘பஸ்ஸஹா’ என்று வாழ்த்தினால், ‘அல்லாஹ் யஅதீக் ஸஹ்ஹா’ என்று பதில் சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

பயணத் திட்டத்தில் இதை எங்கே வைப்பது? மெர்ஸூகா மணல்மேடுகளில் அலைந்து, காதுமடல் வரை புழுதி ஏறித் திரும்பும் நாளின் மாலை சரியாக இருக்கும். கடற்கரைக்கோ பாலைவனத்துக்கோ கிளம்பும் முந்தின நாள் வேண்டாம். புதுத்தோலில் வெயில் பட்டால் இரண்டு நாளைக்கு எரியும்.