தலையாட்டும் வகுப்பு

கேள்வி: பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுக்கு இயற்பியல் எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர். நன்றாகத் தயாரித்துக்கொண்டுதான் போகிறேன். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இன்டர்னல் விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தால் ஒன்றுமே ஏறவில்லை என்று தெரிகிறது. என்ன செய்யலாம்?
– உதவிப் பேராசிரியர், நாமக்கல்

பதில்: முதலில் ‘புரிஞ்சுதா?’வை விட்டுவிடுங்கள். 59 பேர் முன்னால் ‘இல்லை சார்’ என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? தனக்குப் புரியவில்லை என்பதே தெரியாமல் தலையாட்டுகிறவர்களும் உண்டு.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூருக்கும் இதே கதைதான். அவர் வகுப்பை மாணவர்கள் புகழ்ந்தார்கள். கடினமான கணக்குகளையும் போட்டார்கள். ஆனால் லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற எளிய கேள்விகளில் பலர் சறுக்கினார்கள். நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடியவர்கள்! 1991-இல் அவர் வகுப்பு நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார்.

அவர் வழியில் நீங்களும் பத்துப் பதினைந்து நிமிடம் பாடம் நடத்துங்கள். பிறகு நான்கு விடைகளோடு ஒரு கேள்வி. ஓரிரு நிமிடம் பேசாமல் யோசித்து விடையைக் காட்ட வேண்டும். 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் விடையை வெளியே விடாதீர்கள். வேறு விடை காட்டிய பக்கத்து ஆளோடு வாதாடச் சொல்லுங்கள். பிறகு மறுபடி விடை கேளுங்கள். 30-க்குக் கீழே என்றால் அந்த இடத்தைத் திரும்ப நடத்த வேண்டியதுதான். 70-க்கு மேல் என்றால் ஒரு வரி விளக்கிவிட்டு நகரலாம்.

கருவி எதுவும் வேண்டாம். அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகள் போதும். நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வாதம் தமிழிலேயே நடக்கட்டும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்துக்குப் பயந்துதான் வாய் திறப்பதில்லை. காட்டும் விடைக்கு மதிப்பெண்ணும் போடாதீர்கள். போட்டால் பக்கத்து அட்டையைத்தான் பார்ப்பார்கள்.

உழைப்பெல்லாம் கேள்வி தயாரிப்பதில்தான். தவறான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்தால் அசட்டுத்தனமாக இருக்கும். நீங்கள் நொந்துகொண்ட அதே இன்டர்னல் விடைத்தாள்களில் தேடுங்கள். பிள்ளைகள் உண்மையாகவே நம்பும் தவறுகள் அங்கேதான் இருக்கின்றன.

‘சார் பாடமே நடத்துறதில்ல’ என்று ஒரு புகார் வரலாம். ஹார்வர்டில் நடந்து 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்விலும், இப்படிப் பங்கெடுத்துப் படித்தவர்கள் அதிகம் கற்றிருந்தும், சரளமான விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். எனவே இந்த முறை எதற்கு என்பதை முதல் வாரத்திலேயே வகுப்பிடமும், முடிந்தால் துறைத்தலைவரிடமும் சொல்லிவிடுங்கள்.

சிலபஸ் முடியாதே என்று பயமா? ஒரு வகுப்புக்கு இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். புத்தகத்தில் வரிக்கு வரி இருக்கும் சமன்பாட்டு வருவிப்புகளைக் கரும்பலகையில் முழுக்க எழுதிக்கொண்டிருக்காமல், படித்துவரச் சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு யூனிட்டில் செய்து பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம்.