தானே நின்று தானே எழும் கணிப்பொறி

நோய் ஓரிடத்திலும் நோவு வேறோரிடத்திலும் தோன்றுதல் மனித சரீரத்திற்கு மாத்திரம் உரியதன்று. பித்தப்பையிற் கேடுற்றவன் வலத்தோள் நோகிறதென்று சொல்லி வைத்தியரிடம் செல்வதுண்டு. அவ்வாறே மனிதன் தன் கையாற் செய்த யந்திரங்களும் குற்றமுள்ள உறுப்பை மறைத்து, குற்றமற்ற உறுப்பைக் காட்டிக் கொடுக்கும். இக்காலத்து இளைஞர் விளையாட்டின் பொருட்டும் அசையும் சித்திர வேலையின் பொருட்டும் வாங்கி வைத்திருக்கும் வலிய கணிப்பொறிகளுக்கு அடிக்கடி நேரும் வியாதி ஒன்று உளது. வேலையின் நடுவே திரை சட்டென இருண்டு, எவரும் தொடாதிருக்கவே யந்திரம் மீண்டும் தொடக்கத்திலிருந்து எழும். இதன் காரணத்தை நாடும் முறையை, நாம் நேரிற் கண்டதொரு நிகழ்ச்சியைத் துணையாகக் கொண்டு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தைச் சேர்ந்த கீரமங்கலத்திற்கு அருகே உள்ள நம் உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். செம்மண் பூமி, பூவும் பலாவும் தென்னையும் முன்னூறு, நானூறு அடிக்கு மேல் இறங்கிய ஆழ்துளைக் கிணறுகளால் வளர்கின்ற ஊர். அவர் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்தவன். அவனது கணிப்பொறி மூன்று வாரங்களாக மேற்கூறிய வியாதியால் வருந்தியது. பழுது பார்ப்பவர் ஒருவர் அதைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது வாங்க முப்பதாயிரம் ரூபாய் ஆகும் என்று கூறியிருந்தார். வீட்டில் அத்தொகை இருந்தது. ஆனால் அது ஜூன் மாதத்தில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம். “விளையாட்டுப் பெட்டிக்குப் படிப்புப் பணமா?” என்று தந்தை சினந்தார். மகனோ, விடுமுறையில் அப்பெட்டியைக் கொண்டே விளம்பரச் சித்திரங்கள் செய்து கொடுத்துத் தன் செலவிற்குச் சம்பாதித்து வந்தவன். வாய் திறவாது நின்றான்.

இத்தகைய இடத்தில் முதலிற் கேட்க வேண்டிய வினா, “எந்த உறுப்பு கெட்டது?” என்பதன்று, “எப்பொழுது நிற்கிறது, நிற்கும்பொழுது என்ன தோன்றுகிறது?” என்பதேயாம். நீலத்திரை தோன்றி அதில் ஏதேனும் எழுத்துக் குறி வருமாயின், விண்டோஸ் தானே ஒரு பிழையைக் கண்டு நின்றதென்று கொள்ளலாம். நினைவுச் சில்லு, டிரைவர் எனப்படும் துணை மென்பொருள், வட்டு ஆகியவற்றை அப்பொழுது ஐயுற வேண்டும். ஆனால் நீலத்திரை கண்ணுக்குப் புலப்படுமுன்னரே மறைந்துவிடுவதும் உண்டு. பிழை நேர்ந்தால் தானாகவே மறுபடி தொடங்குக என்னும் ஏற்பாடு விண்டோஸில் இயல்பாகவே அமைந்திருப்பதே அதற்குக் காரணம். சிஸ்டம் அமைப்புகளிற் புகுந்து அவ்வேற்பாட்டை நீக்கி வைப்பின், திரை நின்று தன் குறியைக் காட்டும். நாம் அதனை நீக்கி வைத்தோம், நீலத்திரை வரவில்லை. பின்பு ஈவென்ட் வியூவர் என்னும் நிகழ்ச்சிக் குறிப்பேட்டைத் திறந்தோம். நின்ற வேளைதோறும் கெர்னல்-பவர் 41 என்ற குறிப்பே காணப்பட்டது. இதைக் கண்டவுடன் பலர் நோயின் பெயர் கிடைத்துவிட்டதென மகிழ்வர். அது நோயின் பெயரன்று. யந்திரம் முறைப்படி மூடப்படாமல் நின்றது என்னும் மரண அறிவிப்பு மாத்திரமே. அக்குறிப்பினுள் பக்செக் கோட் என்னுமிடத்தில் 0 என்றிருந்தமையே நமக்குப் பயன்பட்டது. மென்பொருளுக்குத் தன் சாவை எழுதி வைக்கவும் அவகாசம் கிட்டவில்லை என்பது அதன் கருத்து. ஆகவே உஷ்ணமோ மின்சாரமோ காரணமாயிருத்தல் கூடும் என்று எண்ணினோம்.

இவ்விரண்டில் உஷ்ணத்தையே நாம் முதலிற் பற்றினோம், அது பிழையாயிற்று. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியபொழுது செம்புழுதி விசிறிகளிற் கம்பளி போற் படிந்திருந்ததைக் கண்டு, கள்வன் அகப்பட்டான் என்றே கருதினோம். இக்காலத்து பிராசசர்கள் ஏறக்குறைய நூறு டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது முதலில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேற்சென்றாலே தம்மைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். தூசியைத் துடைத்து, காய்ந்துபோன பசையை நீக்கிப் புதுப்பசை இட்ட பின், விளையாட்டின்போது 88 டிகிரியாக இருந்த உஷ்ணம் 76 ஆயிற்று. அன்று மாலையே யந்திரம் இருமுறை நின்றது. 88 டிகிரியிலேயே அது நிற்க வேண்டிய அவசியம் இல்லை என்பதை முன்னரே எண்ணிப் பார்த்திருந்தால் ஒரு பகற்பொழுது மிச்சமாயிருக்கும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு எல்லாக் குற்றத்தையும் தன் தலைமேல் ஏற்றுக்கொள்வது உலக வழக்கு. இரவு முழுவதும் மெம்டெஸ்ட் என்னும் பரீட்சையை ஓடவிட்டு நினைவுச் சில்லுகளையும் சோதித்தோம். பிழை ஒன்றும் இல்லை.

கிராபிக்ஸ் கார்டைக் குற்றவாளியாக்கும் வழக்கத்தைப் பற்றி இங்கே ஒன்று கூற வேண்டும். இன்டெல் கம்பெனியாரின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறி பிராசசர்கள் சிலவற்றிற்கு 2024-ஆம் ஆண்டில் உலகெங்கும் பேசப்பட்ட ஒரு கேடு நேர்ந்தது. விளையாட்டுகள் நடுவில் விழுந்தன; விழும்போது, கிராபிக்ஸ் கார்டின் நினைவிடம் போதவில்லை என்ற செய்தியைத் திரையிற் காட்டின. அதை நம்பிக் கார்டை ஐயுற்றவர் பலர். உண்மையில் பிராசசர் தனக்கு வேண்டியதினும் மிகுந்த வோல்டேஜைக் கேட்டுப் பெற்று நாளடைவில் நலிந்தமையே காரணமென்று தெரிய வந்தது. கம்பெனியார் பயாஸ் வழியாகத் திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டு நீட்டினர். முன்னரே நலிந்துபோன பிராசசரை அத்திருத்தம் குணப்படுத்தாது. நம் பையனுடையது அவ்வகையைச் சேர்ந்ததன்று; எனினும் ஓலமிடும் உறுப்பே நோயுற்ற உறுப்பென்று கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் அறியோம்.

இனி மின்சாரத்தைப் பார்ப்போம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைப் பவர் சப்ளை என்னும் பெட்டி 12 வோல்ட் முதலிய நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. தான் தரும் மின்சாரம் செம்மையாயுள்ளது என்பதை அது ஒரு தனிக் கம்பியின் வழியே மதர்போர்டுக்கு இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும். அவ்வறிவிப்பு இமைப்பொழுது தவறினாலும் பிராசசர் வேலையை விட்டுவிடும். அறிவிப்பு மீண்டதும் முதலிலிருந்து தொடங்கும். யந்திரம் தானே நின்று தானே எழுவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே. வெளி மின்சாரம் அற்றுப்போனால், பவர் சப்ளை தன்னுள் சேமித்த மின்சாரத்தைக் கொண்டு நிறைந்த பாரத்தை ஏறக்குறைய 16 மில்லிசெகண்டு தாங்கும். அஃதாவது நம் நாட்டு மின்னோட்டத்தின் ஓர் அலையாகிய 20 மில்லிசெகண்டினும் குறைந்த நேரம். பாரம் குறைவாயின் அச்சேமிப்பு நெடுநேரம் நிற்கும். ஆதலால் ஒரே தடுமாற்றம் கடிதம் எழுதுபவனை ஒன்றும் செய்யாது, விளையாடுபவனை வீழ்த்திவிடும். விளையாட்டில்தான் நிற்கிறது, ஆகையால் கிராபிக்ஸ் கார்டே காரணம் என்னும் தர்க்கம் எவ்வளவு எளிதில் வழுவுகிறது, பாருங்கள்!

பையனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, நிற்கும் மணியைக் குறித்து வரச் சொன்னோம். நான்கு நாளில் ஒன்பது குறிப்புகள் சேர்ந்தன. அவற்றை நாம் வாசித்துக்கொண்டிருக்கையில், திண்ணையில் அமர்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த அவனுடைய அப்பத்தா, “தம்பி, அது அணையுறதுக்கு முன்னால மேசைக்கடியில டக்குனு ஒரு சத்தம் வருது, அந்நேரம் பக்கத்துக் கொல்லையில மோட்டார் போடுறாங்க” என்றார். மூன்று வாரமாக அவர் கேட்டு வந்த சத்தம் அது. எவரும் அவரை வினவவில்லை. அண்டைத் தோட்டத்தாரை விசாரித்தோம். ஒன்பதில் எட்டு வேளைகள் அவர் மோட்டார் போட்ட வேளைகளோடு ஒத்திருந்தன.

மோட்டார் புறப்படும் கணத்தில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அக்கணம் அக்கம்பித் தொடரில் உள்ள வீடுகளின் வோல்டேஜ் தாழும். இஃது எவர் குற்றமுமன்று, எந்த நாட்டுப்புறத்தும் உள்ளதே. மேசைக்கடியிற் கேட்ட சத்தம் யூ.பி.எஸ். பெட்டியினுடையது. வோல்டேஜ் தாழ்ந்ததும் அது சுவர் மின்சாரத்தை விட்டு மின்கலத்திற்கு மாறும் ஓசை அது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயல் இப்பக்கத்துத் தென்னைகளையும் பலாக்களையும் மின்கம்பங்களையும் சாய்த்த பின், மறு ஆண்டில் அந்த யூ.பி.எஸ். பழைய சிறு கணிப்பொறிக்காக வாங்கப்பட்டதாம். அதன் முதுகில் 600 வி.ஏ. என்று எழுதியிருந்தது. 600 என்பது வாட் கணக்கன்று. இவ்வகைப் பெட்டி தாங்குவது ஏறக்குறைய 360 வாட். புதிய கணிப்பொறியோ விளையாட்டின்போது 350 முதல் 400 வாட் வரை இழுப்பது; கிராபிக்ஸ் கார்டு சில மில்லிசெகண்டு தன் அளவினும் மிகுதியாகத் துள்ளி இழுப்பதும் உண்டு. மின்கலம் 2022-இல் மாற்றப்பட்டது. ஈய மின்கலத்தின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறையப் பாதியாகும் என்பர். இவ்வூர்க் கோடையில் மூன்றாண்டு கழிந்த கலத்திடம் என்ன வலிமை எஞ்சியிருக்கும்? காவலுக்கு வைத்தவனே கதவைத் திறந்துவிட்டான்.

எனினும் ஊகம் நிரூபணமாகாது. மறுநாள் யூ.பி.எஸ்ஸை விலக்கி, நில இணைப்புள்ள சுவர்ப் பிளக்கில் கணிப்பொறியை நேரே மாட்டி விளையாடச் செய்தோம். அண்டைத் தோட்டத்தார் நம் பொருட்டு மோட்டாரை ஐந்து முறை நிறுத்திப் போட்டார்; விளக்கு மங்கியது, யந்திரம் நிற்கவில்லை. அதன் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் நல்ல வகையாதலின் அத்தாழ்வைத் தானே சமாளித்தது. பின்பு யூ.பி.எஸ்ஸை மீண்டும் இடையிற் சேர்த்தோம். இரண்டாம் முறை மோட்டார் போட்டவுடன் டக்கென்ற ஓசையும் இருளும் ஒருங்கே வந்தன. குற்றத்தை நீக்கிப் பார்த்தல் பாதிப் பரீட்சை. அதை மீண்டும் வரவழைத்துப் பார்த்தல் மறுபாதி. ஒரு வேளையில் ஒன்றை மாத்திரமே மாற்ற வேண்டும் என்னும் விதியை இங்கேனும் நாம் வழுவாது காத்தோம்.

சுவரில் நேரே மாட்டியும் நிற்குமாயின், அடுத்து நண்பரிடம் தக்க வலிமையுள்ள பவர் சப்ளை ஒன்றை இரவல் பெற்று மாற்றிப் பார்க்கலாம்; பழையதன் கம்பிகளைப் புதியதிற் செருகலாகாது, கம்பெனிக்குக் கம்பெனி அவற்றின் அமைப்பு வேறுபடும். பவர் சப்ளைப் பெட்டியை மாத்திரம் எவரும் பிரிக்க வேண்டா. பிளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

ஜூன் முதல் வாரத்தில் கல்லூரிப் பணம் கட்டப்பட்டது. கணிப்பொறி இப்பொழுது சுவரிலேயே நிற்கிறது. மின்சாரம் முற்றும் அற்றுப்போகும் நாளில் செய்த வேலை கெடாதிருக்க, 1,000 வி.ஏ.க்கு மேற்பட்ட யூ.பி.எஸ். ஒன்றைத் தன் சம்பாத்தியத்தில் வாங்குவதாகப் பையன் சொல்லியிருக்கிறான். பழைய பெட்டி இன்டர்நெட் ரவுட்டருக்கும் அப்பத்தாவின் மேசை விளக்குக்கும் காவலாயிருக்கிறது. அவ்வளவு பாரத்தை அது நன்றாகவே தாங்குகிறது.