இரட்டைப் பிள்ளைகள்: இருவருக்கும் தனித்தனிப் பதிவு

நாவற்குடாவில் மீளக் குடியமரும்போது வீட்டுச் சாமான்களுக்கு முன்பாக எடுத்து வைக்க வேண்டியது உங்கள் பிள்ளையின் பதிவுகள். இரட்டைப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு தொகுதிப் பதிவுகள் இருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட ஒரு கைக்குழந்தை ‘81’ என்ற இலக்கத்தாலேயே அறியப்பட்டது. பெற்றோரின் பத்திரங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. மரபணுப் பரிசோதனையின் பின்னரே, 2005 பெப்ரவரியில், பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையோ அத்தகைய வழமையான பரிசோதனையாலும் பிரித்தறிய முடியாது. அவர்களைப் பிரித்துக் காட்டுவது பதிவுதான்.

வைத்தியசாலைக் குறியீடு

வைத்தியசாலைகள் நோய், பிரசவ விபரங்களை உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டுக் குறியீடுகளால் பதிகின்றன. தாயின் இரட்டைக் கர்ப்பத்துக்கு ‘ஓ 30.0’. வைத்தியசாலையில் பிறந்த இரட்டைப் பிள்ளைக்கு ‘இசட் 38.3’. இருவருக்கும் ஒரே குறியீடுதான். பிள்ளை இரட்டையரில் ஒருவர் என்று அது சொல்லும். எவர் என்று சொல்லாது. அதைச் சொல்பவை பெயர், பிறந்த நேரம், பிறப்பு நிறை, ‘முதலாம் பிள்ளை’, ‘இரண்டாம் பிள்ளை’ என்ற குறிப்பு ஆகியவையே.

மாறினால் என்ன நடக்கும்?

• ஒரு பிள்ளைக்குத் தடுப்பூசி இரண்டு தரம் போடப்படலாம். மற்றப் பிள்ளைக்குப் போடப்படாமல் போகலாம்.
• மருந்தின் அளவு நிறையைப் பொறுத்தது. நிறை மாறினால் அளவும் பிழைக்கும்.
• சிறிய பிள்ளையின் நிறை கூடாமல் நிற்பது தெரியாமல் போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வைத்தியசாலையிலிருந்து வரும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியான சுகாதார விருத்திப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.
2. இரு பிறப்புகளையும் 3 மாதங்களுக்குள் தனித்தனியாகப் பதியுங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள்.
3. குடியேறிய உடனே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இரு பிள்ளைகளையும் பதியுங்கள். பதிவேடு தொலைந்திருந்தாலும் போகத் தயங்க வேண்டாம்.
4. பதிவேடுகளுக்கு வெவ்வேறு நிற உறை போடுங்கள். பிள்ளைகளின் அரைஞாண் கயிறும் அதே நிறங்களில் இருக்கட்டும். கயிறு இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
5. கிளினிக்கில் ஒரு பிள்ளையின் நிறை, ஊசி, பதிவு மூன்றும் முடிந்த பிறகு மற்றப் பிள்ளையைக் கொடுங்கள். 2, 4, 6 ஆம் மாத ஊசிகளில் இது மிக முக்கியம்.

வீட்டுப் பராமரிப்பு

இரட்டைப் பிள்ளைகள் பலர் நாள் முந்தி, நிறை குறைந்து பிறக்கிறார்கள். 2500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சூடு முக்கியம். தாயோ தகப்பனோ வெறும் மார்பில் அணைத்துத் துணியால் மூடி வைத்திருங்கள். இரண்டு பிள்ளைக்கும் தாய்ப்பால் போதுமான அளவு சுரக்கும். அடிக்கடி கொடுக்கக் கொடுக்கவே அது கூடும். நித்திரை கொள்ளும் சிறிய பிள்ளையை எழுப்பிப் பால் கொடுங்கள். தாய்க்குச் சாப்பாடும் ஓய்வும் கிடைக்க வீட்டார் சமையலையும் துணி தோய்ப்பதையும் பொறுப்பெடுங்கள்.

பால் குடிக்காமை, வேகமான மூச்சு, உடல் குளிர்தல், வலிப்பு, உள்ளங்கால் வரை மஞ்சள் நிறம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். கையில் கொண்டுபோவது சுகவீனமான பிள்ளையின் பதிவேடுதானா என்று பெயரை வாசித்துப் பாருங்கள்.